பில் மட்டும் இருக்கட்டும்

உடம்பை இளைக்க வைக்கும் அந்த நிலையத்தில் அவளுக்குக் கணக்குப் பார்க்கிற வேலை. அதனால் வாசல் காவலாளி முதல் முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் கணக்கக்கா. யாருடைய இடுப்பையும் அவள் அளந்ததில்லை. யார் வயிற்றிலும் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவியதில்லை. பில்களைச் சரிபார்ப்பாள், வரி கட்டுவாள், சம்பளம் போடுவாள். அவளுடைய மேஜை பின்னறையில், துண்டு துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பசைக்கு இருமல் மருந்தையும் சோப்பையும் குழைத்த மாதிரி ஒரு வாடை. அது துண்டில் ஏறி, துண்டிலிருந்து அவள் உடுப்பில் ஏறி, வீடு வரைக்கும் கூட வரும். வேலையில் அவளுக்குப் பிடிக்காதது அதுவரை அந்த வாடை ஒன்றுதான்.

டிரைவிங் டீச்சர் வந்து நின்ற காலையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தனியாளாக நடத்துகிறவர் அவர். ஓடுகிற வண்டிக்குள் கத்திக் கத்தியே தடித்துப்போன குரல். முந்தைய வருடம் இங்கே சிகிச்சைக்கு வந்து, பாதியில் நின்றுவிட்டவர். கையில் கசங்கிய விளம்பரத் தாள் ஒன்று இருந்தது. அதை வரவேற்பு மேஜையில் விரித்துவைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டார்.

தாளில் இரண்டு வயிறுகள். முன், பின் என்று போட்டிருந்தது. முகம் இல்லை. ஆனால் தொப்புளுக்குக் கீழே ஆபரேஷன் தழும்பு ஒன்று குறுக்கே ஓடி, கடைசியில் கொக்கி மாதிரி மேலே வளைந்திருந்தது.

"இது என் வயிறு" என்றார் டீச்சர். "என் பொண்ணு பஸ் ஸ்டாப்ல யாரோ குடுத்தாங்கன்னு வாங்கிட்டு வந்து, அம்மா இது நீதானேன்னு கேட்கறா. அவளை எடுத்த தழும்பு அது. எத்தனை பேரு கையில இருக்கு இது?"

ஆலோசனை சொல்கிற பெண் ஓடி வந்தாள். ஆலோசகர் என்பது அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் இருந்த பெயர். சிகிச்சையைத் தலையில் கட்டுவதுதான் அவள் வேலை. பேச்சில் அப்படியொரு இனிப்பு என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குச் சர்க்கரை என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இளைக்க வைக்கிற இடத்தில் சர்க்கரை என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

"அக்கா, வாங்க வாங்க. எவ்வளவு நாளாச்சு. பொண்ணு நல்லா படிக்கறாளா?"

"என் பொண்ணு பேச்சை விடு. என்னைப் பத்தி இங்க என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் அழிக்கணும். படம், அளவு, நான் டாக்டர் சீட்டுன்னு குடுத்தது, எல்லாம்."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். எந்நேரமும் சட்டைக் கழுத்தில் ஒரு சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு திரிகிற மனிதர். நம்பிக்கை, நேர்மை, தன்மானம் என்று தினமும் ஒரு வீடியோ போடுவார். டீச்சர் சொன்னதைத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "செய்யலாம்தான்மா. ஆனா சட்டம் விடாதே. நாங்க ரெகார்டு வெச்சிருந்தே ஆகணும். வேணும்னா எங்க கணக்கக்காவையே கேளுங்க" என்று பின்னறையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

கணக்கக்கா வந்து நின்றாள். "சொல்லுங்க, சட்டப்படி ரெகார்டு வைக்கணுமா வேணாமா?" என்றார் முதலாளி.

"பில்லெல்லாம் வைக்கணும் சார்."

"பார்த்தீங்களா?"

"நான் பில்லைக் கேட்கலம்மா" என்றார் டீச்சர், முதலாளியை விட்டுவிட்டு அவளைப் பார்த்து. "வயித்தைக் கேட்கறேன். வயித்தையும் வெச்சுக்கச் சொல்லுதா உன் சட்டம்?"

சொல்லவில்லை என்று கணக்கக்காவுக்குத் தெரியும். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிக்கறேன்" என்று போய்விட்டார். கதவு மூடியதும் முதலாளி சர்க்கரையைப் பார்த்து, "டிரம்முக்கு வாய் ரொம்ப நீளம்" என்றார். சர்க்கரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டீச்சர் சொன்னபடியே செய்தார். மக்களுடைய சொந்த விவரங்களைப் பாதுகாக்கவென்று இருக்கிற அரசு அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. சில வாரங்களில் அங்கிருந்து உத்தரவு வந்தது. சிகிச்சை முடிந்து போன வாடிக்கையாளர்களின் படங்கள், உடல் அளவுகள், நோய் விவரங்கள், தொலைபேசி எண்கள், குறிப்புகள் எதையும் எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது. வரிச் சட்டம் கேட்கிற பில்களும் கணக்குகளும் மட்டும் இருக்கலாம். அழித்ததாகப் பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். முதலாளி உடனே சம்மதக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அன்றைய வீடியோவே அதைப் பற்றித்தான். வாடிக்கையாளரின் அந்தரங்கம் எங்கள் உயிர் என்று மார்பில் கை வைத்துக்கொண்டார்.

வீடியோ முடிந்ததும் கணக்கக்காவை உள்ளே கூப்பிட்டு, உள்ளங்கை அளவு டிஸ்க் ஒன்றைக் கையில் கொடுத்தார். உடம்புக்கு ஆகாது என்று அவர் எல்லோரிடமும் சொல்கிற பொரித்த கோழி மேஜை மேல் இருந்தது. பேசிக்கொண்டே எலும்பைச் சப்பினார்.

"எல்லாத்தையும் இதுல ஒரு காப்பி எடு. அப்புறம் கம்ப்யூட்டர்ல அழி. சான்றுல உன் கையெழுத்தைப் போடு."

"காப்பி எதுக்கு சார்?"

"இளைக்கிற தேயிலை விக்கறவன் ஒருத்தன் அதை வாங்க வர்றான். நம்ம சொத்தே அதுதானே? இந்த மெஷினெல்லாம் பழைய இரும்புக்குக்கூடப் போகாது. இவங்களுக்கு எங்க தொட்டா வலிக்கும்னு நம்மகிட்ட இருக்கு பாரு, அதுக்குத்தான் விலை." எலும்பைத் தட்டில் போட்டுவிட்டு, எண்ணெய் விரலால் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி நீட்டினார். தாளின் ஓரம் பளபளத்தது.

அத்தனை வருடமும் அவளுடைய கம்ப்யூட்டரில் பில்கள் மட்டுமே திறக்கும். வாடிக்கையாளர் பக்கத்தை அன்றுதான் திறந்தாள். படங்களைப் பார்க்கக் கூடாது என்று ஒதுக்கிவிட்டு, கீழே இருந்த குறிப்பு என்ற கட்டத்தைப் படித்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். எல்லாம் சர்க்கரை எழுதியது.

"அழும். கொஞ்ச நேரம் அழ விடவும். பிறகு பெரிய திட்டத்தைக் காட்டவும்."

"புருஷன் வேறொருத்தியோடு. அந்தப் பேச்சை எடுத்தால் உடனே சம்மதிக்கும்."

"கரு தங்கவில்லை. எடைதான் காரணம் என்று நம்புகிறது. மறுக்க வேண்டாம்."

"மகள் கல்யாணப் படத்தில் நிற்க வெட்கப்படுகிறது. தேதி நெருங்க நெருங்கப் போன் செய்யவும்."

ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் அவன் என்றோ அவள் என்றோ ஒருவர்கூட இல்லை. எல்லாம் அது. அழும், நம்பும், மடங்கும், விழும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன்கூட மாட்டைப் பற்றி இதைவிட மரியாதையாகப் பேசுவான் என்று அவளுக்குத் தோன்றியது. டிரைவிங் டீச்சரைத் தேடிப் பார்த்தாள். "வாய் அதிகம். மகளைப் பற்றி விசாரித்தால் மடங்கும்" என்று இருந்தது. பொண்ணு நல்லா படிக்கறாளா என்று சர்க்கரை தேன் ஒழுகக் கேட்டது காதில் திரும்ப ஒலித்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். பக்கத்தில் துவைக்கும் மெஷின் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. அந்த வாடையே தேவலை என்று இருந்தது.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். பர்னிச்சர் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவன். காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வந்துடு. உனக்கு என்ன வந்துச்சு?"

"அழிச்சாச்சுன்னு பொய்க் கையெழுத்து."

"ஊர்ல யாரு உண்மைக் கையெழுத்துப் போடறா?"

"என் வயிறு அங்க இருந்தா?"

"உன் வயிறு அங்க எதுக்கு இருக்கு?"

"உங்க அக்கா வயிறு இருந்தா?"

அவன் வெந்நீரில் கால்விரல்களை அசைத்துக்கொண்டிருந்தான். அவன் அக்கா வருஷா வருஷம் ஏதாவது ஒரு இடத்தில் இளைக்கப் போய் ஏமாந்து வருகிறவள். பிறகு, "அந்தப் பில்லையெல்லாம் பத்திரமா வெச்சுடு. நாளைக்கு அது காணோம்னு சொல்லி உன் முதலாளி உன்னைத்தான் பிடிப்பான்" என்றான். அவ்வளவுதான் அவன் சம்மதம். அவளுக்கு அது போதும்.

மறுநாள் ஆடிட்டருக்குப் போன் செய்து, எது இருக்கலாம், எது கூடாது என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். "பில்லுல பேரும் தேதியும் தொகையும் இருந்தா போதும்மா, சட்டம் சொல்ற வருஷம் வரைக்கும் வெச்சுக்கோ. மீதியைக் கண்ணை மூடிக்கிட்டு அழி" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை. காலையில் கம்ப்யூட்டர்காரரை வரச் சொன்னாள். நிலையத்தில் கம்ப்யூட்டரோ பிரிண்டரோ மக்கர் செய்தால் வந்து சரிசெய்கிறவர். பெரிய உடம்பு; நாற்காலி கொள்ளாது என்று அவரே சிகிச்சைக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் கீபோர்டை வைத்துக்கொள்வார். அதிகம் பேச மாட்டார். உத்தரவையும் முதலாளியின் சம்மதக் கடிதத்தையும் அவருக்குக் காட்டினாள்.

"அழிக்கறதுன்னா சும்மா டெலீட் போட்டா வராது. மேலே வேற எழுதி எழுதி மூடணும். இல்லன்னா தோண்டி எடுத்துடுவாங்க" என்றார்.

முதலில் பில்களைத் தனியாகப் பிரித்தார்கள். வருடத்துக்கு வருடம் கட்டிய வரியோடு தொகை ஒத்துப்போகிறதா என்று அவள் பார்த்தாள். ஒத்துப்போயிற்று. பில்லில் ஒட்டிக்கொண்டிருந்த போன் நம்பரையும் நோய் விவரத்தையும் உரித்தெடுத்தார்கள். பிறகு படங்கள், அளவுகள், குறிப்புகள். நிலையத்தின் கம்ப்யூட்டர், வரவேற்பு மேஜையின் டேப்லெட், இணையத்தில் இருந்த காப்பி, திங்கட்கிழமைக் கூட்டத்தில் டிவியில் போட்டு எல்லோரும் சிரிப்பதற்கென்று வைத்திருந்த பென் டிரைவ். ஆலோசனை அறையில் பெரிய ஆல்பம் ஒன்று இருந்தது. அதை அவள் மடியில் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்தே கத்தரித்தாள். துண்டுகள் விழ விழ, பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் ஒரு தோள், ஒரு முழங்கால், வெட்கத்தில் மடங்கிய ஒரு கை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன.

சத்தமே இல்லையே என்று நிமிர்ந்தாள். கம்ப்யூட்டர்காரர் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"என்னண்ணே?"

"நான் இங்க ஒருநாளும் சிகிச்சைக்கு வந்ததில்லையே" என்றார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. "என் பேரு இருக்கு."

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். "பிரிண்டர் ஆள். குண்டு. பெண்டாட்டி விட்டுப் போனது. சாப்பிட்டாயா என்று கேட்டால் கரையும். இன்னும் இரண்டு தடவை வந்தால் விழும்."

"ஒவ்வொரு தடவை நான் வரும்போதும் அந்தப் பொண்ணு கேட்கும்" என்றார் அவர். "சாப்பிட்டீங்களா, ராத்திரி யாரு சமைப்பாங்கன்னு. நல்ல பொண்ணுன்னு நினைச்சிருந்தேன். அது நல்லா இருக்கணும்னு சாமிகிட்டகூட வேண்டிக்கிட்டேன்." சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அப்புறம் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, தன் பேரையும் அழித்துவிட்டு மிச்ச வேலையைப் பார்த்தார். முதலாளி கொடுத்த டிஸ்க்கில் அவளே பில்களை மட்டும் ஏற்றினாள். சான்றில், இன்னின்னது அழித்தோம், இன்னின்னது சட்டப்படி வைத்திருக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

திங்கட்கிழமை தேயிலைக்காரர் வந்தார். ஒடிசலான மனிதர். பல்லிடுக்கை நோண்டியபடியே உட்கார்ந்தார். முதலாளி டிஸ்க்கைச் சொருகித் திறந்தார். பில். அதற்குக் கீழே பில். இன்னும் கீழே போனார். அங்கும் பில்.

"எங்க மிச்சம்?"

"அழிச்சாச்சு சார்" என்றாள் கணக்கக்கா.

"அது தெரியும். காப்பி?"

"எந்த வடிவிலும் வைக்க மாட்டோம்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க. காப்பியும் ஒரு வடிவம்தானே. காலையிலயே சான்றை அனுப்பிட்டேன்."

முதலாளியின் காது சிவந்தது. கழுத்தில் குத்தியிருந்த மைக்கை என்ன நினைத்தாரோ பிடுங்கி மேஜையில் எறிந்தார். "யாரு உப்பைத் தின்னுட்டு..." என்று ஆரம்பித்தவரைத் தேயிலைக்காரர் கையமர்த்தினார். அவருக்குக் கோபமே வந்ததாகத் தெரியவில்லை.

"அந்தக் குறிப்பெல்லாம் எழுதினது யாரு?"

முதலாளி சர்க்கரையைக் கூப்பிட்டார். அவள் வந்து கைகட்டி நின்றாள்.

"எழுதினதெல்லாம் போயிடுச்சாம். உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றார் தேயிலைக்காரர்.

சர்க்கரை ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஆரம்பித்தாள். பேரு, தெரு, போன் நம்பர், எந்தப் பேச்சை எடுத்தால் குரல் உடையும், எந்தப் பேச்சுக்கு முகம் மாறும். நல்ல மாணவி பரீட்சைக்குப் பாடம் ஒப்பிப்பது மாதிரி, ஒரு தடங்கல் இல்லை. சொல்லும்போது முகத்தில் கெட்டது எதுவும் இல்லை. மூன்று கருச்சிதைவு கண்ட ஒருத்தியைப் பற்றிச் சொல்லும்போது அதே இனிமை, அதே புன்னகை. தேயிலைக்காரர் பல் நோண்டுவதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு ருசி பார்க்கிறவர்போல நாக்கைச் சப்புக்கொட்டினார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம சொத்து நடமாடுது பாரு" என்றார்.

கணக்கக்கா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். காலையில் தின்றது எல்லாம் வெளியே வந்தது. திரும்பி வந்தபோது சர்க்கரைக்குத் தேயிலைக்காரரிடம் வேலை முடிவாகி, அந்த மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பில் அலமாரிச் சாவியை மேஜையில் வைத்தாள். எந்த வருடத்துப் பில்லை எதுவரைக்கும் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னது அவள் முதுகுக்குப் பின்னால்தான் கேட்டது.

நேராக டிரைவிங் டீச்சரிடம் போனாள். பள்ளி என்றால் ஒரு ஷட்டர் கடை, ஒரு பழைய கார், அதன் தலையில் ஒரு பலகை. டீச்சர் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"என் வயிறு போச்சா?"

"போச்சு. எல்லாருதும் போச்சு."

"அப்புறம் ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கே?"

சொன்னாள். சர்க்கரையைத் தேயிலைக்காரர் கையோடு வேலைக்கு எடுத்துக்கொண்டதைச் சொன்னாள். எல்லோருக்கும் போன் போட்டு எச்சரிக்கலாம் என்றால் நம்பர்களையும் தானே அழித்துவிட்டதைச் சொன்னாள். அன்னைக்கு வாயைத் திறக்காமல் நின்றதற்கு மன்னிப்பும் கேட்டாள். டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஒரு பேனாவையும் அட்டையையும் எடுத்துப்போட்டு, "எழுது. உனக்குத்தானே கோர்வையா எழுத வரும்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அந்தக் காரின் தலையில் புதுப் பலகை ஒன்று ஊரைச் சுற்றியது. "இளைப்பு நிலையத்துக்குப் போனவர்களே, தேயிலை விற்க ஒரு இனிய குரல் கூப்பிடும். உங்கள் மேல் அக்கறைப்பட்டுக் கேட்கவில்லை. நீங்கள் அங்கே அழுததை உங்களுக்கே விற்கிறார்கள். போனை வைத்துவிட்டுப் புகார் கொடுங்கள்." கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டுவதால் கார் நத்தையாக நகரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அடித்துக்கொண்டே அதைப் படித்தார்கள்.

புகார்கள் போயின. தேயிலைக் கம்பெனிக்கும் ஒரு உத்தரவு வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போனை எடுத்துத் திட்டினார்கள், எத்தனையோ பேர் தேயிலை வாங்கினார்கள். சர்க்கரை அங்கிருந்து வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. என்ன விற்கிறாள் என்று தெரியவில்லை. முதலாளி வீடியோ போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

கணக்கக்காவுக்கு இரும்புச் சாமான் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே கிரீஸ் வாடை. வீட்டு கம்ப்யூட்டர் பழுதானபோது கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டாள். வேலையை முடித்துவிட்டு அவர் தன் பையிலிருந்து பச்சை நிறப் பாக்கெட் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். தேயிலை.

"போன் வந்துச்சு" என்றார். "யாருன்னு தெரியும். எதுக்குன்னும் தெரியும். வைக்கணும்னுதான் நினைச்சேன். சாப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு."

இத்தனை நாளும் சர்க்கரையின் மேல், முதலாளியின் மேல், அந்தப் பசையின் மேல் வந்த அருவருப்பு எல்லாம் ஒன்றாகத் திரண்டது. அதை இந்த மனிதர் மேல் துப்ப அவளால் முடியவில்லை.

"குடிச்சீங்களா?"

"கொஞ்சம். வாயில வைக்க முடியல."

"அடுத்த தடவை அந்தப் பொண்ணு கூப்பிட்டா எடுக்காதீங்க. எனக்குக் கூப்பிடுங்க."

"உங்களைக் கூப்பிட்டு என்ன சொல்றது?"

"நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு சொல்லுங்க" என்றாள் கணக்கக்கா. பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய், பிரிக்காத பக்கமாகப் பிடித்து, வெளியே இருந்த குப்பைத்தொட்டிக்குள் போட்டாள். அப்புறம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.